பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தால் டிப்ளமோ வாங்க வேண்டுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கம்பெனியில் டிரம் பிரிவில் இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். தொழிலாளர் சார்பில் என்னைப் பாதுகாப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள். சேஃப்டி டிப்ளமோ இருந்தால்தான் மதிப்பு, 25,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார் ஒருவர். எதை முதலில் கற்பது?

பதில்: பணம் கட்டாதீர்கள். குழுவில் தொழிலாளர் பிரதிநிதியாக இருக்க எந்த டிப்ளமோவும் தேவையில்லை. வேலூர், ஆம்பூர் பக்கமெல்லாம் இந்த ஏஜெண்டுகள் சுற்றுகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு, பளபளக்கும் சான்றிதழ், அவ்வளவுதான். சேஃப்டி ஆபீசர் வேலை வேறு. அதற்குப் பொறியியல் படிப்போ அறிவியல் பட்டமோ வேண்டும், அதோடு அனுபவமும் வேண்டும். அதற்கு மேல்தான் அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ. அந்தத் தகுதி உள்ளவர் படிக்கட்டும். அவரும் அங்கீகாரக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டட்டும். ஏஜெண்ட் காட்டும் செல்போன் படம் கடிதமாகாது.

உங்களுக்கு முதல் பாடம் கழிவுநீர்த் தொட்டி. சுண்ணாம்புப் பிரிவின் சல்பைடு தண்ணீரோடு, பிக்கிள் செய்த, அதாவது தோலை ஊறவைத்த ஆசிட் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் சாவது அதனால்தான். வாயுமானியைப் படிக்க, இறங்கும் முன் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்க, இடுப்புக் கயிறும் சுவாசக் கருவியும் இல்லாமல் யாரையும் இறங்கவிடாமல் தடுக்க, இந்த மூன்றையும் பழகுங்கள். 2015 ஜனவரியில் உங்கள் சிப்காட்டிலேயே கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். அதனால் தொட்டிக்குள் இருப்பதோடு அதன் சுவரையும் பாருங்கள்.

அப்புறம் முதலுதவி. கெமிக்கல் டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தாளை, அதாவது அந்தக் கெமிக்கலின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் தாளை, தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

செலவு உங்களுடையது அல்ல. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 111ஏ பிரிவே, தொழிலாளி பயிற்சி பெறவும், வெளியே பயிற்சிக்கு நிர்வாகம் அனுப்பி வைக்கவும் உரிமை தந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பயிற்சி தருவது நிர்வாகத்தின் கடமை என்பது மாறவில்லை. சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லுங்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு இதெல்லாம் கிடையாது என்று மேஸ்திரி சொல்வார், நம்பாதீர்கள்.

பாதுகாப்புக் குழுக் கூட்டமே நடக்காமல் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் கம்பெனிகள் நிறைய. ஆய்வுக்கு வருபவரும் கையெழுத்தை எண்ணிவிட்டுப் போய்விடுகிறார், என்னத்தைச் சொல்ல! நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நடக்கும் கூட்டத்தில் பயிற்சிக் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள்.