கட்டங்கள் சரி, ஜெம்பே ஏன் பேசவில்லை?

கேள்வி: சிறுவயதில் கொஞ்ச காலம் மிருதங்கம் கற்றேன். இப்போது ஒரு ஜெம்பே, அதாவது கையால் வாசிக்கும் மேற்கு ஆப்பிரிக்க முரசு, வாங்கியிருக்கிறேன். ஊரில் சொல்லித்தர ஆளில்லை. இணையத்தில் கிடைத்த கட்டக் குறிப்புகளைப் பார்த்து, காஸா என்ற தாளத்துக்கான ஜெம்பே பகுதியைப் பிசகாமல் வாசிக்கிறேன். ஆனால் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசித்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. குறிப்பு தவறா, நான் தவறா?

பதில்: குறிப்பு அநேகமாகச் சரியாகவே இருக்கும். நீங்கள் வாசிப்பதும் சரியாக இருக்கலாம். காஸாவின் பெரும்பகுதி அந்தத் தாளில் இல்லை, அதுதான் சிக்கல்.

கட்டங்களாகப் பிரித்து எழுதும் இந்த முறையை 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹார்லண்ட் உருவாக்கினார். ஒவ்வொரு கட்டமும் ஒரே அளவு நேரம். எந்தக் கட்டத்தில் கை விழுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளலாம். மறந்துபோகாமல் இருக்க அருமையான வழி. கற்றுக்கொள்ள அது மட்டும் போதாது.

முதலில் ஒரு சோதனை. உங்கள் தாளில் இருப்பது இதுதானா என்று பாருங்கள் (ஸ்லாப் என்பது கூர்மையாகத் தெறிக்கும் அடி, டோன் என்பது உருண்டு ஒலிக்கும் அடி): ஸ்லாப், இரண்டு கட்டம் காலி, ஸ்லாப், ஸ்லாப், ஒரு கட்டம் காலி, டோன், டோன். எட்டுக் கட்டம். இதுவாக இருந்தால் நீங்கள் இன்னும் காஸாவைத் தொடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, மாலி பக்கத்து நாலு நடைத் தாளங்கள் பலவற்றுக்கும் இதே துணை வாசிப்புதான். காஸாவைக் காஸாவாக்குவது கம்பால் அடிக்கும் டுண்டுன் என்ற முரசுகள்: சிறியது கென்கெனி, நடுவில் சங்பன், பெரியது டுண்டுன்பா. கினியின் ஹமனா பகுதியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். ஒரு கையில் கம்பு, மறு கையால் டிரம்மின் மேல் கட்டிய மணியைத் தட்டுவார். கென்கெனி சலிக்காமல் ஒரே சின்னச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும். எந்தத் தாளம் என்று அடையாளம் காட்டுவது பெரும்பாலும் சங்பன். அறுவடைக் காலத்தில் வயலில் வேலை செய்பவர்களுக்காக வாசிக்கப்பட்ட காஸாவை அந்த ஊர்க்காரர் சங்பனைக் கேட்டே கண்டுகொள்வார், ஜெம்பேயைக் கேட்டு அல்ல.

ஆகவே கொஞ்ச நாள் ஜெம்பேயை ஓரமாக வையுங்கள். ஒலிப்பதிவில் சங்பனை மட்டும் பின்தொடருங்கள். மணியோடு சேர்த்து அதை வாயால் சொல்ல வரவேண்டும். வந்த பிறகு கென்கெனி, அப்புறம் டுண்டுன்பா. சங்பனை வாயால் சொல்லிக்கொண்டே கையால் ஜெம்பே துணை வாசிப்பை வாசிக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இது எரிச்சலூட்டும் பயிற்சிதான். ஆனால் இதைவிடப் பலன் தரும் பயிற்சி எனக்குத் தெரியாது.

வாயால் சொல்வது உங்களுக்குப் புதிதல்ல. நைஜீரியாவின் பாபாடுண்டே ஒலாடுஞ்சி அமெரிக்காவில் கற்பித்தபோது அடிக்கு இரண்டு சொல் வைத்தார்: பேஸ் என்ற ஆழ்ந்த அடிக்கு கூன்-டூன், டோனுக்கு கோ-டோ, ஸ்லாப்புக்கு பா-டா. முதல் சொல் வலக்கை, இரண்டாவது இடக்கை. மேலே சொன்ன எட்டுக் கட்டம் இப்படி வரும்: பா – – டா பா – கோ டோ. எந்தக் கை என்பது சொல்லிலேயே இருக்கிறது. பல கட்டக் குறிப்புகளில் அது விடுபட்டுப்போகும். காலிக் கட்டங்களிலும் கைகள் மாறி மாறி நடப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வராத அடியும் கையில் இருக்கவேண்டும்.

மிருதங்கம் கற்றவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பலமாகக் கேட்கும் அடியைச் சமம், அதாவது தாளம் தொடங்கும் இடம், என்று காது பிடித்துக்கொள்ளும். டுண்டுனின் கனமான அடிகள் பல தாளங்களில் எண்ணிக்கைக்கு, அதாவது காலால் தட்டும் துடிப்புக்கு, வெளியே விழும். அங்கே ஒன்று என்று பிடித்துவிட்டால் உங்கள் வாசிப்பு முழுதும் சில கட்டங்கள் தள்ளிப்போய்விடும். தாள் சரியாக இருந்தும் ஒட்டாததற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஆட்டத்தோடு உள்ள காணொளியைத் தேடி, ஆடுபவர்களின் பாதத்தைப் பாருங்கள். எண்ணிக்கை அங்கே இருக்கிறது. அதைக் காலில் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஆவர்த்தனக் கணக்கை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

அடுத்து, கட்டங்கள் சம அளவு என்பது எழுதும் வசதிக்காக வைத்துக்கொண்டது. மாலியின் தலைநகர் பமாகோவின் ஜெம்பே இசையை ஆராய்ந்த ரைனர் போலக், ஒலிப்பதிவுகளில் அடிகளின் இடைவெளியை அளந்து பார்த்தார். ஓர் எண்ணிக்கைக்குள் வரும் சிறு பிரிவுகள் (தாளில் கட்டங்கள்) சமமாக இல்லை. ஒன்று குறுகியும் ஒன்று நீண்டும் வருகின்றன. அது கவனக்குறைவும் அல்ல. வேகமெடுத்தாலும் அந்த ஏற்றத்தாழ்வு அந்தத் தாளத்துக்குரிய முறையில் நிலையாக நிற்கிறது. இதை எழுதிக்கொண்டு பழக முடியாது. ஒலிப்பதிவைச் சுருதி மாறாமல் மெதுவாக்கும் செயலி ஏதாவது ஒன்றில் போட்டு, நான்கு எண்ணிக்கை நீளத் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கூடவே சொல்லுங்கள். மெட்ரோனோம் வேண்டுமானால் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு மட்டும் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தட்டவிட்டால் அது உங்களைச் சமக் கட்டத்திலேயே பூட்டிவிடும்.

ஒலியைப் பற்றியும் சொல்லவேண்டும். டோனும் ஸ்லாப்பும் தாளில் இரண்டு எழுத்து. கையில் வருவதற்கு மாதங்கள் ஆகும். டோனுக்கு விரல்கள் சேர்ந்து, விளிம்புக்குச் சற்று உள்ளே தட்டையாக விழவேண்டும். ஸ்லாப்புக்கு விரல்கள் தளர்ந்து, நுனிகள் தோலில் பட்டுத் தெறிக்கவேண்டும். பலம் கூட்டினால் ஸ்லாப் வந்துவிடாது. வாசித்ததைப் போனில் பதிந்து, வாத்தியம் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, எத்தனை விதமான ஒலி கேட்கிறது என்று கேளுங்கள். பேஸ், டோன், ஸ்லாப் என்று மூன்று கேட்கவேண்டும். இரண்டுதான் என்று சொன்னால், முதலில் தோலின் இழுவையைப் பாருங்கள். கயிறு தளர்ந்த ஆட்டுத்தோலில் யார் வாசித்தாலும் ஸ்லாப் எழும்பாது.

எந்த ஒலிப்பதிவு? மமாடி கெய்ட்டா, ஃபமூடு கொனாத்தே இருவரும் கினியின் மலின்கே இன மக்களின் கிராமங்களில் வளர்ந்து, பின்பு நாட்டின் பாலே என்ற மேடை நடனக் குழுக்களில் வாசித்தவர்கள். மேடைக்காகத் தாளங்களை வெட்டி ஒட்டி வேகப்படுத்துவது பாலேக்களில் வழக்கம். ஊர் மாறினாலும் டுண்டுன் பகுதி மாறும். ஆகவே ஒருவரின் குறிப்பை இன்னொருவரின் பதிவோடு பொருத்தாதீர்கள். ஒரே ஆசிரியர் வழி வந்த குறிப்பும் பதிவும் கிடைத்தால்தான் ஒப்பிட்டுப் பயன். டிரம்களைத் தனித்தனியே வாசித்துக் காட்டிப் பிறகு சேர்க்கும் பாடப் பதிவுகள் விற்கின்றன. காசு செலவழிக்க நினைத்தால் அதில் செலவழியுங்கள்.

தனி ஆவர்த்தனம் மாதிரி வரும் ஜெம்பே சோலோக்களைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்யும் ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அவை ஆடுபவரின் அசைவுக்கு மறுமொழியாக வருபவை, ஆடுபவர் இல்லாமல் அர்த்தமில்லை. தாளைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பழகவேண்டியது ஒன்றே ஒன்று: தலைமை ஜெம்பே கொடுக்கும் அழைப்பு. தொடங்குவதும் நிறுத்துவதும் அதைக் கேட்டுத்தான். எடுக்கவேண்டிய வேகமும் அதிலேயே இருக்கிறது. பின்னாளில் ஒரு பட்டறைக்கோ குழுவுக்கோ போய் உட்கார்ந்தால் முதலில் உங்கள் காதில் விழப்போவது அதுதான்.