அந்தப் பேய் அழுகிறது

கேள்வி: என் தங்கை மகன் தோளில் கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு ஜப்பானியப் பேய் முகத்தை டாட்டூ குத்திக்கொள்ளப் போகிறானாம். சினிமா, வீடியோ கேம், பனியன் என்று எங்கே திரும்பினாலும் இதே பேய், இதே சாத்தான். அழகாக வரைய உலகத்தில் வேறொன்றும் இல்லையா?

பதில்: 'அழகாக' என்று கேட்டுவிட்டீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பையன் குத்திக்கொள்ளப் போவது அநேகமாக ஹன்னியாவாக இருக்கும். ஜப்பானின் பழைய மேடைக்கலையான நோ நாடகத்தின் முகமூடி அது. பிறவிப் பேய் இல்லை. பொறாமையிலும் துக்கத்திலும் வெந்து பேயாகிப்போன பெண். அதன் படம் கிடைத்தால் வாயைக் கையால் மறைத்துவிட்டு மேல்பாதியை மட்டும் பாருங்கள். நெரிந்த புருவம், சுருங்கிய நெற்றி, துக்கம் தொண்டையை அடைத்த ஒரு பெண்ணின் முகம். அப்புறம் கண்களை மறைத்துக்கொண்டு வாயைப் பாருங்கள். அகலப் பிளந்த தாடை, பொன்னிறப் பற்கள், அடக்கவே முடியாத ஆத்திரம். நடிகர் தலையை லேசாகக் குனிந்தால் அந்த முகமூடி அழும், நிமிர்ந்தால் சீறும். ஒரே மரத்துண்டில் செதுக்கிய அசையாத முகம் இத்தனையும் செய்கிறது. இதைவிட அழகான முகத்தை நான் பார்த்ததில்லை.

தோளில் குத்திய முகம் குனியாது, நிமிராது. அந்த அழுகையையும் ஆத்திரத்தையும் ஒரே கோணத்தில் கொண்டுவருவது டாட்டூ கலைஞரின் பாடு. புருவம் பிசகினால் போச்சு, கொம்பு வைத்த வெறும் மிருகம்தான் மிஞ்சும். அதனால் பையனைத் தடுக்காதீர்கள். குத்தப் போகிறவர் இதற்குமுன் போட்ட ஹன்னியாக்களின் படங்களை வாங்கி, புருவத்தை மட்டும் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் சாத்தானும் அழுகிறான், தெரியுமா? நரகத்தின் அடியில் நெருப்பே இல்லை. பனிக்கட்டியில் மார்புவரை உறைந்துபோய், மூன்று முகங்களின் ஆறு கண்களாலும் அழுகிறான். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, இத்தாலியின் ரவென்னா நகரத்து மொசைக் ஒன்றில், கிறிஸ்து செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரித்து நிறுத்தும் காட்சியில், வெள்ளாடுகளின் பக்கம் ஒரு நீலநிறத் தேவதை நிற்கிறது. பிசாசின் மிகப் பழைய உருவம் அதுதான் என்று கருதுகிறவர்கள் உண்டு. கொம்பில்லை, வாலில்லை. இப்படியெல்லாம் யோசித்தவர்களின் சொத்தைச் சிவப்புத் தோலும் கவைக்கோலுமாகச் சுருக்கிவிட்டார்களே என்பதுதான் என் கோபம். திகில் படங்களில் வருகிற பேய்க்குப் பல் இருக்கிறது, துக்கம் இல்லை. உங்களுக்குச் சலித்துப்போனதும் அதுவாகத்தான் இருக்கும்.

நீங்கள் சொன்ன பனியனிலும் ஒரு கதை இருக்கிறது. ஆட்டுத்தலையும் சிறகுமாக உட்கார்ந்திருக்கும் பாஃபோமெட்டை எலிஃபாஸ் லேவி என்ற பிரெஞ்சுக்காரர் 1850களில் தன் புத்தகத்துக்காக வரைந்தார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, ஆணும் பெண்ணும் கலந்த உடம்பு. எதிரெதிரானவை ஒன்றையொன்று சமன்செய்வதைச் சொல்லப் போட்ட படம். அது சாத்தானின் போட்டோ போல ஊர் உலகமெல்லாம் சுற்றுகிறது. வரைந்தவர் பெயரைப் போட்ட பனியன் ஒன்றையும் நான் கண்டதில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும். ஜப்பானில் 1872 முதல் 1948 வரை பச்சை குத்துவது சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கலையில்கூட, முதுகு நிறையப் போட்ட வேலையின் ஓரத்தில் கலைஞர் தன் பெயரையும் குத்திவைக்கும் மரபு உண்டு. எந்தத் தடையும் இல்லாமல் அச்சாகிற புத்தகத்தில் அட்டை ஓவியர் பெயரைப் போட மட்டும் பதிப்பாளர்களுக்கு மனம் வருவதில்லை. இடமில்லை என்று என்னிடம் வாதாடிய ஒருவர், பின்னட்டையில் தன் பதிப்பகத்தின் சின்னத்தை உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்டிருந்தார். அவரோடு அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. அடுத்த பதிப்பில் ஓவியர் பெயர் வரும்வரை அவர் புத்தகங்களுக்கு இங்கே மதிப்புரை கிடையாது.