எலக்ட்ரான் கூடுகிறது, அணு ஏன் சுருங்குகிறது?

கேள்வி: லித்தியத்தில் 3 எலக்ட்ரான், ஃபுளூரினில் 9. எண்ணிக்கை ஏற ஏற அணு பருக்கத்தானே வேண்டும்? தனிம அட்டவணையின் ஒரு வரிசையில் வலப்பக்கம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வருகிறதே!

பதில்: "இடமிருந்து வலம் குறையும்" என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்களைவிட, இப்படி முரண்டு பிடிக்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும்.

எலக்ட்ரான் மட்டும் கூடினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் கருவில் ஒரு புரோட்டானும் சேர்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். வெளிக்கூட்டு (கடைசி அடுக்கு) எலக்ட்ரானைக் கரு இழுக்கிறது, மற்ற எலக்ட்ரான்கள் தள்ளுகின்றன. தள்ளுவதைக் கழித்துவிட்டு மிஞ்சும் இழுப்புக்குப் பெயர்தான் செயலுறு அணுக்கரு மின்சுமை.

எவ்வளவு கழிப்பது? 1930-ல் ஜான் ஸ்லேட்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்கு ஒரு கைக்கணக்கு தந்தார். அதே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் 0.35 கழியுங்கள். ஒரு கூடு உள்ளே இருப்பதற்கு 0.85. லித்தியத்தில் உள்ளே இரண்டு, 1.7 போக மிச்சம் 1.3. ஃபுளூரினில் உள்ளே அதே இரண்டு, பக்கத்தில் ஆறு, 1.7-உம் 2.1-உம் போக, 9-இல் மிச்சம் 5.2.

பார்த்தீர்களா? வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் வரவு 1, செலவு 0.35 மட்டும். ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று மறைப்பதில் படு சோம்பேறிகள். அதனால் இழுப்பு ஏறுகிறது, அணு சுருங்குகிறது. நியானில் 5.85 வரை போகும். அடுத்த சோடியத்தில் எலக்ட்ரான் புதுக் கூட்டுக்குப் போய்விடுவதால் சட்டென்று 2.2. அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவையான அயனியாக்கும் ஆற்றலும் கூடவே விழுகிறது: மோலுக்கு 2081 கிலோஜூலிலிருந்து 496-க்கு.

கேள்வி: அப்படியானால் போரானின் அயனியாக்கும் ஆற்றல் (801) பெரிலியத்தைவிட (899) ஏன் குறைவு?

பதில்: ஸ்லேட்டர் கணக்கை நம்பினால் பெரிலியத்துக்கு 1.95, போரானுக்கு 2.60. ஏற வேண்டியது இறங்குகிறது! காரணம், அந்தக் கணக்கு இரண்டாம் கூட்டின் உட்பிரிவுகளான 2s, 2p இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. உண்மையில் 2s எலக்ட்ரான் கருவுக்கு நெருக்கமாக ஊடுருவிப் போய்வரும். 2p-க்கு அந்த அளவு முடியாது. போரானிலிருந்து வெளியேறுவது 2p எலக்ட்ரான். அதன் ஆற்றல் மட்டம் உயரம், பிடி தளர்வு. ஸ்லேட்டர் எண்களைப் போக்கைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மேடு பள்ளத்தையும் அவற்றிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: தொகுதியில், அதாவது அட்டவணையின் ஒரே நெடுவரிசையில், கீழே போனால் அணு பெரிதாகும் என்பதாவது நிச்சயமா?

பதில்: பெரும்பாலும். சிர்க்கோனியத்துக்கு நேர் கீழே இருக்கும் ஹாஃப்னியம் போன்ற சில கேட்காது. சிர்க்கோனியத்தின் ஆரம் சுமார் 160 பிகோமீட்டர், ஹாஃப்னியத்தின் ஆரம் சுமார் 159. நடுவில் லாந்தனைடுகள் என்ற 14 தனிமங்கள் வந்துபோகின்றன. அப்போது நிரம்பும் 4f (நான்காம் கூட்டின் ஓர் உட்பிரிவு) எலக்ட்ரான்கள் கருவைச் சரியாக மறைப்பதில்லை, வெளிக்கூடு உள்ளே இழுக்கப்பட்டுவிடுகிறது. அளவும் குணமும் ஒன்றுபோல இருப்பதால் சிர்க்கோனியம் தாதுக்களுக்குள்ளேயே ஹாஃப்னியம் ஒளிந்திருந்தது. 1923-ல் கோப்பன்ஹேகனில் கோஸ்டர், ஹெவெசி என்ற இரு விஞ்ஞானிகள் எக்ஸ் கதிர் நிறமாலையை வைத்துத்தான் பிடித்தார்கள். இன்றைக்கும் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. ஆனால் அணு உலையின் எரிபொருள் உறைக்கு சிர்க்கோனியம் வேண்டுமென்றால் பிரித்தே ஆக வேண்டும். சிர்க்கோனியம் நியூட்ரானை ஏறக்குறைய தொடாமல் விட்டுவிடும், ஹாஃப்னியமோ விழுங்கிவிடும்.