இறால் பண்ணை கேள்வி-பதில்: மழையும் வெண்புள்ளியும்

வெண்புள்ளி நோய்க்குத் தடுப்பூசி எங்கே கிடைக்கும்? (வேதாரண்யம்)

எங்கும் கிடைக்காது. இது வைரஸ் நோய்; தடுப்பூசி போட்டால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி இறாலுக்குக் கிடையாது. பிறவியிலேயே இருக்கும் எதிர்ப்புச் சக்திதான், முக்கியமாக ரத்த அணுக்கள்தான், அதற்குக் காவல். தண்ணீர் கெட்டால் அந்தக் காவலும் படுத்துவிடும். விடியற்காலை ஆக்சிஜன் பாருங்கள்.

எஸ்.பி.எஃப். குஞ்சு விட்டும் செத்துப்போச்சு. குஞ்சு பொரித்து விற்ற ஹேச்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

குஞ்சில் வைரஸ் உண்டா என்று பி.சி.ஆர். சோதனை பார்த்தீர்களா, நோய் கொண்டுவரும் நண்டைத் தடுக்க வேலி உண்டா, தண்ணீரைத் தேக்கிக் குளோரின் போட்டீர்களா, ஒன்றையும் எழுதாமல் இப்படி மொட்டையாகக் கேட்டால் எப்படிச் சொல்வது? எஸ்.பி.எஃப். என்றால் குறிப்பிட்ட கிருமிகள் இல்லாத வம்சம், அவ்வளவுதான். நோயே வராத குஞ்சு என்று யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஏன் இவ்வளவு சாவு?

ஒரே இரவு மழையில் சூடு, உப்பு, பி.எச். மூன்றும் இறங்கும். அப்புறம் வெயில் இல்லாமல் பாசி செத்து ஆக்சிஜனும் குறையும், ரத்த அணு குறைந்த இறால் வைரஸை எதிர்த்து நிற்காது. தண்ணீர் 32, 33 டிகிரி இருந்தால் வைரஸ் பெருகுவது மட்டுப்படும். 25, 26-க்கு இறங்கினால் அதன் கை ஓங்கும். மழையன்று தீவனத்தைப் பாதியாக்கி, மேல்தண்ணீரை வடித்து, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓடவிடுங்கள். ஆக்சிஜன் 4 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) கீழே போகக் கூடாது, விடியற்காலையில் பாருங்கள்.

பக்கத்துப் பண்ணையில் நோய் கண்டதும் மதகைத் திறந்துவிட்டார்கள். என் குளத்துக்கு வருமா?

வரும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 1994 வாக்கில் இந்தியாவுக்குள் வந்த நோய் இது, 30 வருடம் ஆகியும் நோய்த் தண்ணீரைப் பொது வாய்க்காலில் விடும் பழக்கம் போகவில்லை. அந்த வைரஸ் இறால் உடம்புக்கு வெளியே, வெறும் தண்ணீரிலேயே மூன்று நான்கு நாள் உயிரோடு இருக்கும், அதே வாய்க்காலில்தான் மற்ற எல்லோரும் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். சிவந்து கரையோரம் ஒதுங்கும் இறாலைக் காக்கை கொத்திக்கொண்டு போய் அடுத்த குளத்தில் போடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நோய் வந்தால் தண்ணீரை வடிக்காமல் வலைபோட்டுப் பிடியுங்கள், பிளீச்சிங் பவுடர் சுமார் 60 பிபிஎம் கலந்து ஒரு வாரம் தேக்குங்கள், செத்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். செலவாகுமா? ஆகும். ஊரே நஷ்டப்படுவதைவிடக் குறைவுதான். நீங்கள் இப்போதைக்குத் தண்ணீர் இறைக்காதீர்கள்.

வெண்புள்ளி வந்த இறாலைச் சாப்பிடலாமா?

தாராளமாக. அந்த வைரஸ் மனிதரைத் தொடாது. ஆனால் அதைக் கழுவின தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள்.