பயிற்சி முடிந்த மறுநாள்

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது, இரண்டு பிள்ளைகள். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு கிராமம். கணவர் கரைவலைக்குப் போகிறவர். இரண்டு லோன் ஓடுகிறது, கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். ஒரு நிறுவனம் 'சுற்றாடல் துப்புரவுப் பயிற்சி' என்று 3 மாத வகுப்புக்கு ஊரில் ஆள் எடுக்கிறது. குப்பை தரம் பிரித்தல், கூட்டுப்பசளை, ஆபத்தான கழிவுகளைக் கையாளுதல் எல்லாம் படிப்பிப்பார்களாம். வருகிற நாளுக்குப் படிக்காசும் உண்டு. அம்மா, "குப்பை அள்ளவா உனக்கு வீடு தந்து கலியாணம் முடிச்சு வச்சன்? தங்கச்சிக்கு இனி ஆர் மாப்பிள்ளை தருவான்?" என்று ஏசுகிறார். கணவர் "உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போகவா, விடவா?
- வாவிக்கரை வாசகி

பதில்: தங்கச்சி, அம்மா ஏசுவது, கணவரின் முகம், தங்கையின் கலியாணம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி முடிந்த மறுநாள் உங்களை வேலைக்குக் கூப்பிடப்போவது யார் என்று மட்டும் எழுதவில்லை. நிறுவனக்காரரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் பயிற்சிக்குக் குறைச்சலே இல்லை. தையல், கேக் ஐசிங், அழகுக்கலை, மெழுகுதிரி வார்ப்பது. என் மச்சாளின் அலுமாரியில் ஒரு ஃபைல் இருக்கிறது. அதற்குள் 7 சான்றிதழ்கள், எல்லாம் லெமினேட் பண்ணியவை, ஒன்றில் அவளுடைய பெயரே பிழை. இன்று அவள் இடியப்பம் விற்றுத்தான் பிழைக்கிறாள். அதை அவளுக்கு யாரும் வகுப்பு வைத்துப் படிப்பிக்கவில்லை.

அதனால் சான்றிதழ்த் தாளைப் பற்றிக் கேளுங்கள். நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா? முடிவில் என்விகியூ, அதாவது தேசிய தொழிற்தகைமை, மட்டம் ஏதும் கிடைக்குமா? என்விகியூ என்றால் கல்முனையிலும் காட்டலாம், கொழும்பிலும் காட்டலாம். நிறுவனத்தின் சின்னம் மட்டும் போட்ட தாளுக்கு, அந்த நிறுவனம் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போகிற நாள் வரைதான் உயிர்.

அமெரிக்காவில் கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்கள், நஞ்சு ஊறிய காணிகள் நிறைய உண்டு. அவற்றைத் துப்புரவாக்கும் வேலையை அங்கேயே குடியிருக்கிற வசதி குறைந்த சனங்களுக்குப் பழக்கிக் கொடுக்க, 1998இலிருந்து அரசாங்கமே காசு கொடுத்து வருகிறது. அங்கே ஆபத்துக் கழிவு பற்றிய 40 மணிநேரப் பாடம் முடிக்காதவரை அப்படியான இடத்தில் முழுநேர வேலைக்கு இறக்க முடியாது, சட்டம் அப்படி. தாளுக்கு அந்த மதிப்பைக் கொடுத்தது சட்டம்தான். நம்மிடம் அந்தக் கட்டாயம் இல்லாதபடியால் கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்: பிரதேச சபையோ மாநகர சபையோ எத்தனை பேரை எடுக்கப்போகிறது, அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

துப்புரவு வேலைக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணிவெடி அகற்றிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் பயிற்சி எடுத்து, வெயிலில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவினார்கள். 2017 ஜூனில் மட்டக்களப்பு கண்ணிவெடியற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவதாக. பெருமையான விசயம். ஆனால் நிலம் துப்புரவானதோடு இங்கே அந்த வேலையும் முடிந்தது. குப்பைக்கு அந்தக் கவலை இல்லை, நாளைக்கும் வரும்!

சரி, இனி உடம்பைப் பற்றி. அம்பாறைப் பக்கம் ஒரு கூட்டுப்பசளை முற்றத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே வேலை செய்கிற அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துக் குவியலுக்குள் விட்டார். முழங்கை போகுமுன் இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. நல்ல குவியல் 55, 60 பாகைக்கு ஏறும். அந்தச் சூட்டில்தான் கிருமியும் களைவிதையும் சாகும். ஈரம் கூடினால் நாறும், காய்ந்தால் சூடு இறங்கிவிடும், அப்போது தண்ணீர் தெளித்துப் புரட்ட வேண்டும். அவர் வெப்பமானி எதுவும் வைத்திருக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தே, "இண்டைக்குப் பிரட்டத் தேவையில்ல, நாளையிண்டைக்குப் பாப்பம்" என்றார். இதைத் தொழில் தெரிந்தவர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அதே அக்கா போட்டிருந்தது துணிக் கையுறை. இரண்டு விரல்நுனி பிய்ந்திருந்தது. தரம் பிரிக்கும் மேசையில் ஒரு சொப்பிங் பேக்கை அவிழ்த்தார்: மீன் செதில், பிள்ளையின் பெம்பஸ், அதற்குள் மூடியில்லாத ஒரு இன்சுலின் ஊசி. அதை இரண்டு விரலால் தூக்கி ஒரு போத்தலுக்குள் போட்டுவிட்டு அடுத்த பேக்கை எடுத்தார். எனக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது.

ஆகவே நிறுவனக்காரரிடம், "கையுறை தருவீர்களா?" என்று கேட்காதீர்கள், தருவோம் என்பார்கள். "கிழிந்தால் அடுத்தது எத்தனை நாளில் வரும், யார் காசு?" என்று கேளுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி போடுவார்களா? மழை தொடங்கினால் எலிக்காய்ச்சலுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மாத்திரை எடுத்துத் தருவார்களா? பாடத்தில் அஸ்பெஸ்டஸ் சீற் கழற்றுவதும் இருந்தால் இன்னும் கவனம். நனைத்துத்தான் கழற்ற வேண்டும், வாளால் அறுக்கக் கூடாது, முகத்தில் துணியைக் கட்டினால் போதாது. அந்தத் தூசி 20, 30 வருடம் கழித்தும் நெஞ்சில் வேலையைக் காட்டும். இதைச் சொல்லித்தரத் தெரியாத ஆள் படிப்பிக்க வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

வேலை கிடைத்தால் சேமலாப நிதி வெட்டுகிறார்களா என்று பாருங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், வேலைக்கு எடுப்பவர் பங்கு 12 வீதம். நாட்சம்பளக்காரருக்கும் அது உண்டு. படிக்காசை நம்பி மூன்றாவது லோன் மட்டும் எடுத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் பிந்தித்தான் வரும்.

அம்மாவின் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். குப்பை வேலையை யார் தலையில் கட்டினோம், அவர்களைக் கோயில் வாசலில் எங்கே நிற்கவைத்தோம் என்பது அவருடைய வயதுக்காரருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயர் மகளில் ஒட்டிவிடும் என்று பயப்படுகிறார். பயம் உண்மையானது, அதற்காக அந்த வழக்கம் நியாயமாகிவிடாது. அவரோடு வாதாட வேண்டாம், கணக்குப் பேசுங்கள். தங்கைக்கும் ஒரு வீடு கட்ட வேண்டும்தானே? மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது அக்காவின் வேலையையா, தங்கையின் வீட்டையா என்று அம்மாவிடமே கேளுங்கள். பதில் அவருக்குத் தெரியும்.

கணவரிடம் வேறு கதை சொல்லுங்கள். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி அம்பாறைக் கரையில், சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது அவருக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெய் அதில் இருந்தது. அந்த எண்ணெய் கடலில் கொட்டவில்லை, தப்பினோம். கொட்டிக் கரைக்கு வந்திருந்தால் யார் அள்ளியிருப்பார்கள்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு, கரைவலைக்காரர்தான். அந்த வேலையை உடம்பு கெடாமல் செய்யத் தெரிந்த ஆள் வீட்டில் ஒருவர் இருப்பது அவருக்கு வெட்கமா?

போங்கள் என்பதே என் பதில். ஆனால் பெயர் கொடுக்குமுன் ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் இருங்கள். கையுறைக் கேள்வியை முதலாவதாகக் கேளுங்கள். "அதெல்லாம் மறுகா பாப்பம்" என்று சொன்னால் கொப்பியை மூடிவிட்டு வந்துவிடலாம். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதிரை காணாவிட்டால் பின்னால் நிற்கட்டும்.