நூறு வீதம் என்று காட்டினால் முழு உழைப்பு என்று அர்த்தமில்லை
சேர்வரில் ஜிபியூ கண்காணிப்பு: வாசகர் கேள்வி-பதில்

கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி சூட்டைப் பற்றியவை. மற்றப் பாதி, ஜிபியூ கார்ட் (பாரமான கணக்கு வேலைகளைச் செய்கிற கிராஃபிக்ஸ் கார்ட்) படுத்த பிறகு எழுதப்பட்டவை. பழைய அளவீடு ஒன்றும் இல்லாமல் வருகிற கடிதத்துக்கு என்னால் ஊகம்தான் சொல்ல முடியும். எனவே வழமையாகச் சொல்வதையே முதலில் சொல்கிறேன்: பழுது வருமுன்னே அளவீடுகளைச் சேமிக்கத் தொடங்குங்கள்.

கேள்வி (உப்புவெளி): கார்டின் நிலையைக் காட்டுகிற ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையை அடித்தால் பதில் வர மூன்று நான்கு செக்கன் எடுக்கிறது. கார்ட் பழுதா?

இல்லை. கார்டை எப்போதும் விழிப்பில் வைக்கிற பெர்சிஸ்டன்ஸ் மோட் அணைந்திருக்கிறது. யாரும் பாவிக்காத நேரத்தில் டிரைவர் கார்டை விட்டுவிடுகிறது, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுப்ப வேண்டியிருக்கிறது. பெர்சிஸ்டன்ஸ் சேவையையே இயக்கி வையுங்கள். கட்டளையால் மட்டும் போட்டால் ரீபூட்டோடு போய்விடும்.

கேள்வி (கிண்ணியா): நேற்று வரை ஓடியது. இன்று காலை டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்று பிழை காட்டுகிறது. நாங்கள் எதையும் தொடவில்லை.

நீங்கள் தொடவில்லை, இரவில் தானியங்கி அப்டேட் தொட்டிருக்கிறது. ரீபூட் பண்ணுங்கள், சரியாகிவிடும். அப்புறம் டிரைவர் பக்கேஜைத் தானாக மாறாதபடி பூட்டி வையுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): எங்கள் ஜிபியூ ஸ்லோவாக இருக்கிறது. காரணம் என்ன?

கார்ட் எது, டிரைவர் எது, என்ன வேலை ஓடுகிறது, முன்பு எவ்வளவு வேகம், இப்போது எவ்வளவு? ஒன்றுமே எழுதவில்லை. திரையைச் சாய்த்துப் பிடித்த கைபேசிப் படம் ஒன்றுதான் வந்திருக்கிறது, அதிலும் வெப்பநிலை இருக்கிற வரி வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு நிமிடத்துப் படத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. கார்டின் அளவீடுகளை எடுத்துத் தருகிற டிசிஜிஎம் எக்ஸ்போர்ட்டரையும், அவற்றை வாங்கிச் சேமிக்கிற ப்ரோமிதியஸையும் நிறுவி, ஒரு வாரம் ஓடவிட்டு, அந்த வரைபடத்தோடு எழுதுங்கள்.

கேள்வி (உவர்மலை): எங்கள் என்விடியா 3090 கார்ட் எந்நேரமும் 100 வீதத்தில் நிற்கிறது. வரைபடம் காட்டுகிற கிராஃபானாவில் கோடு கீழே இறங்குவதே இல்லை. இன்னொரு கார்ட் வாங்க நிர்வாகத்திடம் கேட்கப் போகிறேன். இந்த வரைபடம் போதுமா?

போதாது. தயவுசெய்து இன்னும் கேட்காதீர்கள். இந்த ஓர் எண்ணால் வீணான பணத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

‘ஜிபியூ யூட்டில்’ என்ற அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: கடைசியாக அளந்த சிறு இடைவெளியில், அதிகம் போனால் ஒரு செக்கன், எத்தனை வீத நேரம் ஏதாவது ஒரு கேர்னலாவது (கார்டில் ஓடுகிற சிறு நிரல்) கார்டில் ஓடிக்கொண்டிருந்தது என்பது. எவ்வளவு உழைப்பு நடந்தது என்பதை அது சொல்லவே இல்லை. 3090இல் 82 எஸ்எம்கள், அதாவது கணக்குப் போடுகிற அலகுகள், இருக்கின்றன. ஒரே ஒரு எஸ்எம்மில் சின்ன வேலை ஒன்று இடைவிடாமல் ஓடினாலும் எண் 100தான். நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முப்பது பேர் கயிற்றைப் பிடித்து நிற்க, ஒருவர் மட்டும் இழுத்தாலும் ‘வலை இழுபடுகிறது’ என்றுதானே சொல்வோம்? இந்த எண்ணும் அப்படித்தான்.

ஓர் அலுவலகத்தில் இதே கதை. 100 வீதம் என்ற படத்தைக் காட்டி இரண்டாவது கார்டுக்கு விலை கேட்டு முடித்துவிட்டார்கள். நான் போய் மின் அளவைப் பார்த்தேன். 350 வாட் கார்ட், 120ஐச் சுற்றியே நின்றது. உண்மையாக உழைக்கிற கார்ட் அப்படி நிற்காது. பார்த்தால், படங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகச் சேர்த்து அனுப்பியதும் வாட் 300ஐத் தாண்டியது. அதே கார்டில் வேலை மூன்று மடங்குக்கு மேல் நடந்தது. யூட்டில் எண் அப்போதும் 100தான்! அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஏ100 மாதிரி டேட்டா சென்டர் கார்ட் என்றால் டிசிஜிஎம் தருகிற ‘எஸ்எம் ஆக்டிவ்’, ‘டென்சர் ஆக்டிவ்’, ‘டிராம் ஆக்டிவ்’ மூன்றையும் பாருங்கள்; கார்டின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று அவை சொல்லும். உங்களுடையது போன்ற கேமிங் கார்டில் இவை பெரும்பாலும் கிடைக்காது. அங்கே வாட்தான் உங்கள் சாட்சி, கூடவே கிளொக் வேகம். நினைவகம் நிரம்பியிருப்பதையும் ஆதாரமாகக் காட்டாதீர்கள். செயற்கை நுண்ணறிவு வேலைக்குப் பாவிக்கிற மென்பொருள்களில் பைடோர்ச் ஒருமுறை எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்ளும், டென்சர்ஃப்ளோ தொடக்கத்திலேயே ஏறக்குறைய முழுவதையும் பிடித்துவிடும். ஒரு மாத வாட் வரைபடத்தோடு நிர்வாகத்திடம் போங்கள். அதுவும் உச்சியில் நின்றால் தாராளமாகக் கேளுங்கள்.

கேள்வி (மூதூர்): பழைய டி4 கார்ட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. சாதாரண மேசைக் கணினியில் போட்டிருக்கிறோம். விசிறி வேகம் காட்டவே இல்லை, பத்து நிமிடத்தில் 90 டிகிரி. சென்சர் பிழையா?

சென்சர் சரியாகத்தான் சொல்கிறது. டி4க்கு விசிறியே கிடையாது. 70 வாட் கார்ட்தான், ஆனால் சேர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டது. பின்பக்கம் குழாய் வைத்து ஒரு விசிறியைப் பூட்டுங்கள், அதுவரை பாரமான வேலை கொடுக்காதீர்கள். எச்சரிக்கையை வெப்பநிலைக்கு மட்டும் வைக்காமல், கிளொக் குறைவதற்கான காரணத்தைக் காட்டுகிற அளவீட்டுக்கும் வையுங்கள். சூட்டால் குறைகிறதா, மின் வரம்பால் குறைகிறதா என்று அதுதான் பிரித்துச் சொல்லும். 80ஐத் தாண்டி ஐந்து நிமிடம் நின்றால் மட்டும் மணி அடிக்கட்டும். ஒரு நொடித் துள்ளலுக்கெல்லாம் அடித்தால் மூன்றாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கேள்வி (சீனன்குடா): ப்ரோமிதியஸ் ஒவ்வொரு செக்கனும் அளவெடுக்கிறது. ஆனால் கோடு படிக்கட்டு மாதிரி வருகிறதே?

எக்ஸ்போர்ட்டர் தன் பாட்டில் 30 செக்கனுக்கு ஒருமுறைதான் புதிய அளவு எடுக்கும். நீங்கள் ஒரே எண்ணை முப்பது தடவை வாங்கிச் சேமிக்கிறீர்கள். இரண்டையும் 15க்கு மாற்றுங்கள், போதும். மிச்சமாகும் இடத்தில் பழைய கணக்கை வையுங்கள். மாற்றாவிட்டால் ப்ரோமிதியஸ் 15 நாளோடு எல்லாவற்றையும் அழித்துவிடும். நான் ஒரு வருடம் வைத்திருக்கிறேன். கச்சான் காலத்துச் சூட்டையும் வாடைக் காலத்துச் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், விசிறியில் தூசி அடைத்ததா, அறைதான் கொதிக்கிறதா என்று தெரியும்.

கேள்வி (நிலாவெளி): கரண்ட் போய் வந்த பிறகு கார்டையே காணோம். லொக்கில் எக்ஸ்ஐடி (என்விடியா டிரைவரின் பிழை எண்) 79 என்று இருக்கிறது. எச்சரிக்கையும் வரவில்லை.

79 என்றால் கார்டுடன் இருந்த தொடர்பே அறுந்துவிட்டது. முழுதாக அணைத்து, மின் இணைப்பைக் கழற்றி, கார்டை எடுத்து முனைகளைப் பாருங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் பச்சை படிந்திருந்தால் ஆச்சரியமில்லை. அது சுத்தமாக இருந்தால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள்.

எச்சரிக்கை வராததற்குக் காரணம், எண் கூடினால் மட்டும் கத்தும்படி விதி எழுதியிருக்கிறீர்கள். கார்டே இல்லாதபோது கூடுவதற்கு எண் ஏது? அளவீடு வராமல் நின்றாலும் கத்தும்படி ‘ஆப்சென்ட்’ விதி ஒன்று கட்டாயம் வேண்டும். ப்ரோமிதியஸையும் அதே சேர்வரில் வைக்காதீர்கள். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுக்க கரண்ட் போனபோது, யூபிஎஸ்ஸில் தனியாக ஓடிய என் சின்னக் கணினி, ராஸ்பெரி பைதான் எந்த இயந்திரம் எப்போது விழுந்தது என்று எழுதி வைத்திருந்தது.

கேள்வி (திருகோணமலை நகர்): வீட்டிலிருந்து பார்க்க எக்ஸ்போர்ட்டரின் 9400 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டேன். பரவாயில்லையா?

இன்றிரவே மூடுங்கள். அந்தப் போர்ட்டில் கடவுச்சொல் ஏதும் இல்லை. உங்கள் இயந்திரத்தின் பெயரையும் கார்டையும் யாரும் வாசிக்கலாம். வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக உள்ளே வந்து பாருங்கள்.

கேள்வி (கன்னியா): ஏஎம்டி கார்டுக்கு இதெல்லாம் சரிவருமா?

டிசிஜிஎம் சரிவராது, அது என்விடியா கார்டுக்கு உரியது. ‘ஏஎம்டி-எஸ்எம்ஐ’ கட்டளை இருக்கிறது, ப்ரோமிதியஸுக்கு ஏஎம்டியின் சொந்த எக்ஸ்போர்ட்டரும் இருக்கிறது. உங்கள் கார்டை அது ஆதரிக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.