நம் கடற்கரை மணலிலேயே அரிய மண் தனிமங்கள் இருக்கும்போது, அவற்றால் செய்யப்படும் வலிமையான காந்தத்துக்கு ஏன் சீனாவை நம்புகிறோம்?

தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் இந்தக் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமமான நியோடிமியமும் உண்டு. சரி, அதை எடுத்தால் போதாதா? மோனசைட்டில் கதிரியக்கத் தனிமமான தோரியமும் இருப்பதால் அது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் வருகிறது. கடலோர மக்களின் கதிரியக்கக் கவலையும் நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுத் தோண்டக் கூடாது.

பெரிய சிக்கல் அப்புறம்தான் வருகிறது. வேதியியலில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும் தனிமங்களைக் கரைப்பான்களால் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். ஆக்சைடை உலோகமாக்கி, இரும்பு, போரானுடன் உருக்கி, பொடியாக்கி, காந்தப்புலத்தில் அழுத்திச் சூடாக்க வேண்டும். இந்தச் சங்கிலி முழுவதையும் பல பத்தாண்டுகளாக வளர்த்து வைத்திருக்கிறது சீனா. போதாக்குறைக்கு, வெப்பத்திலும் காந்தம் வலுவிழக்காமலிருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு அரிய மண் தனிமம் நம் மோனசைட்டில் மிகக் குறைவு.

2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மோட்டார்களுக்கு இந்தக் காந்தங்களை நம்பியிருக்கும் நம் வாகன நிறுவனங்கள் தவித்துப்போயின. ஏவுகணைகளுக்கும் போர் விமானங்களுக்கும் இத்தகைய காந்தங்கள் தேவை என்பதுதான் கூடுதல் கவலை.

சீனாவிலிருந்து அரிய மண் தனிமங்களின் வரத்து தடைபட்டபோது, ஜப்பான் இதே போன்ற அடியை 2010-லேயே வாங்கியது. மறு ஆண்டே அரிய மண் தனிமங்களைத் தோண்டியெடுக்கும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து மாற்று வழி தேடிக்கொண்டது. இந்திய அரசு 2025 நவம்பரில்தான் 7,280 கோடி ரூபாய் காந்த உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மானியம் மட்டும் போதாது என்பது என் கருத்து. சீனா விலையைக் குறைத்தாலும் இங்குள்ள ஆலைகள் மூடப்படாதபடி நீண்டகாலக் கொள்முதல் உறுதியும் வேண்டும்.